ஜாஸ் இசையில் மனோதர்மம்

மேல்நாட்டு இசை வகைகளுள் ஜாஸ் என்பதன் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஊதுகுழல்களின் முழக்கம், ஓயாத தாள ஒலி, ஒருவர் வாசிப்பதற்கும் அடுத்தவர் வாசிப்பதற்கும் தொடர்பே இல்லாதது போன்ற தோற்றம் ஆகிய இவையே முதன்முறை கேட்பவர் மனத்தில் பதிகின்றன. 'மனம் போன போக்கில் வாசிக்கிறார்கள்' என்று கூறி வானொலிப் பெட்டியின் முள்ளை வேறு நிலையத்திற்குத் திருப்பிவிடுகிறோம். நம்முடைய கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் எழுந்து காப்பி அருந்தச் செல்பவர்களும் ஏறக்குறைய இதையே எண்ணுகின்றனர். பாட்டு முடிந்துவிட்டது, இனி வருவது வெறும் கைவண்ணம் என்பது அவர்கள் கருத்து.

இவ்விரண்டு எண்ணங்களும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. மனோதர்மம் என்றால் கட்டுப்பாடு இல்லாமை என்று நாம் கருதிவிடுகிறோம். உண்மையில் மனோதர்மம் என்பது, எல்லாரும் அறிந்த ஓர் இடத்திற்குக் குறித்த நேரத்தில் திரும்பி வருவதாக வாக்களித்துவிட்டுப் புறப்படும் பயணமாகும். திரும்பும் இடத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கே அப்பயணத்தின் துணிவும் அழகும் விளங்கும். இவ்வுண்மையை ஜாஸ் இசையைக் கொண்டு இங்கே ஆராய்வோம். நமக்குப் பழக்கமான சங்கீதத்தையே அளவுகோலாகக் கொள்வோம்.

ஜாஸ் கலைஞர்கள் புதிது புதிதாகப் பாட்டுக் கட்டிக்கொண்டு மேடைக்கு வருவதில்லை. அவர்கள் அனைவரும் அறிந்த சில நூறு பாடல்கள் உள்ளன. அவற்றை 'ஸ்டாண்டர்டு' என்று குறிப்பிடுவர். அவற்றுள் பெரும்பாலானவை 1920-ஆம் ஆண்டு முதல் 1950-ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் நாடக மேடைக்காகவும் திரைப்படத்திற்காகவும் இயற்றப்பட்ட எளிய காதல் பாடல்களே. முன்பின் அறியாத நால்வர் மேடையில் சந்தித்தாலும், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லிக்கொண்டால் போதும், கச்சேரி தொடங்கிவிடும். பாடகரும் வயலின் வித்துவானும் மிருதங்க வித்துவானும் ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே ஒன்றுகூடும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். அறிமுகமில்லாதவர்களை ஒன்றாக இணைப்பது எது? நம்மிடம் கீர்த்தனையும் ராகமும் தாளமும் அதனைச் செய்கின்றன. அவர்களிடம் பாடலின் மெட்டும், அம்மெட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டு வரிசையும் செய்கின்றன.

சுரக்கூட்டு என்று நாம் கூறுவதை மேல்நாட்டார் 'கார்டு' என்பர். மூன்று அல்லது நான்கு சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்வதே அது. சங்கராபரணத்தின் சுரங்களை எடுத்துக்கொள்வோம். ஸ, க, ப மூன்றும் ஒருங்கே ஒலித்தால் அது ஒரு கூட்டு. ம, த, ஸ ஒருங்கே ஒலித்தால் மற்றொன்று. த, ஸ, க ஒருங்கே ஒலித்தால் இன்னுமொன்று. இம்மூன்றிலும் ஸட்ஜமம் இருப்பதைக் காண்கிறோம். ஆயினும் செவிக்கு அது மூன்று விதமாகப் படுகிறது. முதற் கூட்டில் அது தன் வீட்டில் அமர்ந்த சுரம். இரண்டாவதில், மத்யமத்தை ஆதாரமாகக் கொள்ளும் காது அதனைப் பஞ்சமமாகக் கேட்கிறது. மூன்றாவதில், தைவதத்தை ஆதாரமாகக் கொள்ளும் காது அதனைச் சாதாரண காந்தாரமாகக் கேட்கிறது. சுரம் மாறவில்லை; அதன் அடியிலுள்ள நிலம் மாறிவிட்டது.

இதனை விளங்கிக்கொள்ளப் பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்க்கோடியில் உள்ள கொழிஞ்சாம்பாறை மக்களுக்கு அதிக முயற்சி வேண்டியதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் அது. 'வெள்ளம்' என்ற சொல்லை அங்கே ஒருவர் உச்சரித்தால், தமிழ் வாக்கியத்தினுள் அது பெருக்கெடுத்து வரும் ஆற்றைக் குறிக்கும். மலையாள வாக்கியத்தினுள் தாகத்திற்குக் கேட்கும் ஒரு குவளை நீரைக் குறிக்கும். சொல் ஒன்றே. சூழ்ந்து நிற்கும் மொழி பொருளைத் தீர்மானிக்கிறது. எல்லைப்புறத்தில் வாழ்வோர் இம்மாற்றத்தை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. காது தானாகவே அறிந்துகொள்கிறது. ஜாஸ் கலைஞனின் காதும் இவ்வாறே பழகியது. எந்தச் சுரத்தை வாசிப்பது என்பதோடு, அவ்வேளையில் அடியில் எந்தக் கூட்டு நிற்கிறது என்பதையும் அவன் இடைவிடாது அறிந்திருக்கிறான்.

இனி, கூட்டுகள் எவ்வாறு வரிசைப்படுகின்றன என்று பார்ப்போம். ஜாஸ் இசையில் மிகுதியாக வழங்கும் தொடர் மூன்று கூட்டுகளால் ஆனது. முதலாவது ரி-ம-த-ஸ; இரண்டாவது ப-நி-ரி-ம; மூன்றாவது ஸ-க-ப-நி. அடித்தளச் சுரங்கள் ரி, ப, ஸ என்று செல்கின்றன. உள்ளே நிகழ்வதைக் கவனிப்போம். முதற் கூட்டிலுள்ள மத்யமம் இரண்டாம் கூட்டிலும் நிலைத்து நின்று, மூன்றாம் கூட்டில் காந்தாரமாக இறங்குகிறது. முதற் கூட்டிலுள்ள ஸட்ஜமம் இரண்டாம் கூட்டில் நிஷாதமாக இறங்கி, மூன்றிலும் அங்கேயே தங்குகிறது. 'ம, ம, க' என்று ஒருவரும் 'ஸ, நி, நி' என்று மற்றொருவரும் மெல்லப் பாடினால், ஏதோ ஒரு வினா எழுந்து விடை கண்டு அமைதி அடைவது போன்ற உணர்ச்சி தோன்றும். மத்யமம் காந்தாரத்தையும், ஸட்ஜமம் நிஷாதத்தையும் அரைச் சுர இடைவெளியில் தொட்டுக்கொண்டு நிற்பதே இதற்குக் காரணம். மிக அருகிலுள்ள படிக்கு இறங்குவது செவிக்கு இயல்பாகப் படுகிறது.

இப்பொழுது ஒரு முழுப் பாடலை எடுத்துக்கொள்வோம். 'ஆட்டம் லீவ்ஸ்', அதாவது இலையுதிர்காலத்து இலைகள், என்னும் பாடல் உலகெங்கும் ஜாஸ் பயில்வோர் முதலில் கற்பனவற்றுள் ஒன்று. அதன் இசையை அமைத்தவர் ஹங்கேரியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த ஜோசஃப் கோஸ்மா, ஆண்டு 1945. பிரெஞ்சுச் சொற்களை எழுதியவர் ழாக் ப்ரெவெர். பின்னர் ஜானி மெர்சர் ஆங்கிலச் சொற்களை அமைத்தார். இப்பாடலின் ஒரு சுற்று 32 கூறுகளைக் கொண்டது. ஒவ்வொரு கூறும் நான்கு எண்ணிக்கை. ஆகவே ஒரு சுற்றுக்கு 128 எண்ணிக்கைகள்.

முதல் எட்டுக் கூறுகளில் அடித்தளச் சுரங்கள் ரி, ப, ஸ, ம, நி, க, த என்று கூறுக்கு ஒன்றாகச் செல்கின்றன. எட்டாவது கூற்றிலும் தைவதமே நீடிக்கிறது. ஒவ்வொரு சுரத்திலிருந்தும் அதன் நான்காவது சுரத்திற்குத் தாவிச் செல்லும் இச்சங்கிலியில் ஏழு சுரங்களும் ஒருமுறைக்கு ஒருமுறையாக வந்து முடிந்துவிடுவதைப் பாருங்கள். மூன்றாவது கூற்றில் ஸட்ஜமத்தில் வீடு வந்து சேர்ந்தோம் என்று எண்ணுகிறோம். பயணமோ அங்கு நிற்காமல் மேலே சென்று தைவதத்தில் வேறொரு வீட்டைக் கண்டு அமர்கிறது.

கிரகபேதம் அறிந்த நமக்கு இவ்விடம் நன்கு விளங்கும். சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமமாகக் கொண்டால் நடபைரவி தோன்றும் என்பது நாம் அறிந்ததே. இப்பாடலோ இன்னும் ஓர் அடி வைக்கிறது. காந்தாரத்தை அடித்தளமாகக் கொண்ட ஆறாவது கூற்றில், சங்கராபரணத்திற்கு அந்நியமான சுத்த தைவதம் ஒரு கணம் தலைகாட்டுகிறது. தைவதத்தைப் புதிய ஸட்ஜமமாகக் கொண்டு கேட்டால் இச்சுரம் காகலி நிஷாதம் ஆகிறது. தோன்றும் சாயல் கீரவாணி. அந்த ஒரு சுரமே புதிய வீட்டின் வாயிலைத் திறந்து வைக்கிறது. சங்கராபரணத்தின் தெளிவும் கீரவாணியின் ஏக்கமும் மாறி மாறி வருவதுதான் இப்பாடலின் உயிர். முதல் எட்டுக் கூறுகள் இருமுறை வருகின்றன. மூன்றாவது எட்டு, கீரவாணியின் வீட்டில் தொடங்கிச் சங்கராபரணத்தின் வீட்டிற்கு மீளும். கடைசி எட்டு மீண்டும் ஏக்கத்திலேயே முடியும். நம் வழக்கில் கூறுவதானால் இருமுறை பல்லவி, ஓர் அநுபல்லவி, ஒரு முடிப்பு.

இதுவரை கூறியது கட்டடம். இனிமேல்தான் மனோதர்மம் தொடங்குகிறது. முதற்சுற்றில் மெட்டை உள்ளபடியே வாசிப்பார்கள். இரண்டாம் சுற்றிலிருந்து மெட்டு மறைந்துவிடும். ஸாக்ஸஃபோன் வாசிப்பவர் தாமே புதிய இசைத்தொடர்களைப் பின்னத் தொடங்குவார். பாட்டு போய்விட்டது என்று நாம் எண்ணுவது இவ்விடத்தில்தான். பாட்டு எங்கும் போகவில்லை. பெரிய வயலினைப் போன்ற தந்திக் கருவியை நிறுத்தி வைத்துக்கொண்டு விரலால் மீட்டுபவர், எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக அடித்தளத்தைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். பியானோ வாசிப்பவர் கூட்டுகளை இடமறிந்து தொடுகிறார். தாளக்காரர் எண்ணிக்கையைக் காக்கிறார். 32 கூறுகள் முடிந்ததும் சுற்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஸாக்ஸஃபோன் எவ்வளவு தொலைவு பறந்தாலும், ரி-யின் கூற்றில் ரி-யின் கூட்டுக்கும், ப-வின் கூற்றில் ப-வின் கூட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டிலுள்ள சுரத்தில் வந்து இறங்கலாம். வேண்டுமென்றே அயற்சுரத்தில் நின்று, கேட்பவரைத் தவிக்கவிட்டுப் பிறகு இறங்கலாம். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார். சில வேளைகளில் தாளக்காரரும் மற்றவர்களும் நான்கு நான்கு கூறுகளாக மாற்றி மாற்றி வாசிப்பதும் உண்டு. இறுதியில் மெட்டு மீண்டும் ஒலித்து நிறைவு பெறும்.

இக்கலையின் ஆற்றலை உலகுக்குக் காட்டிய இசைத்தட்டு ஒன்று உண்டு. 1939-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், கோல்மன் ஹாக்கின்ஸ் என்னும் ஸாக்ஸஃபோன் கலைஞர் 'பாடி அண்டு ஸோல்' என்ற பாடலை நியூயார்க்கில் பதிவு செய்தார். ஜானி கிரீன் 1930-இல் இசையமைத்த பாடல் அது. ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மட்டும் மெட்டின் சாயலைக் காட்டிவிட்டு, இரண்டு சுற்றுகள், 64 கூறுகள், முழுவதும் தம் கற்பனையையே வாசித்தார். மெட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. அப்படியும் அது அந்தப் பாடலாகவே நின்றது. சுரக்கூட்டு வரிசை ஒரு கூறும் தவறாமல் அடியில் ஓடியதே காரணம். மக்களும் அத்தட்டைப் பெரிதும் விரும்பி வாங்கினார்கள்.

அடுத்த தலைமுறையில் சார்லி பார்க்கர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரு பழைய பாடலின் கூட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் முற்றிலும் புதிய மெட்டை எழுப்புவது அவர் காலத்தில் பெருவழக்காயிற்று. 1946-இல் அவர் பதிவு செய்த 'ஆர்னித்தாலஜி' என்னும் இசை, 'ஹவ் ஹை தி மூன்' என்ற 1940-ஆம் ஆண்டுப் பாடலின் கூட்டு வரிசைமேல் எழுந்தது. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-இல் அமைத்த 'ஐ காட் ரிதம்' பாடலின் வரிசைமேல் எழுந்த மெட்டுகளுக்குக் கணக்கில்லை. ஒரே ராகத்தில் பல கீர்த்தனைகள் பிறப்பதைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது.

நம் சங்கீதத்தில் இதற்கு ஈடாக நிற்பது எது? சுரக்கூட்டு வரிசை நம்மிடம் இல்லை. நம் தம்புரா ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் விட்டு அசைவதில்லை. நிலம் அசையாதிருப்பதனாலேயே கமகத்தின் நுட்பங்களை இவ்வளவு ஆழமாக நம்மால் ஆராய முடிந்தது. ஜாஸ் இசையில் நிலமே நகர்கிறது. நகரும் நிலத்தின்மேல் கால் தவறாமல் நடப்பது அவர்கள் வித்தை. ஒன்றை மற்றொன்றாகக் காண்பது பிழை. ஆயினும் திரும்பி வரும் சுற்று இரண்டிற்கும் பொது. அச்சுற்று நம்மிடம் தாள ஆவர்த்தனமாக இருக்கிறது. எடுப்பு என்ற சொல்லே திரும்பி வந்து சேரவேண்டிய இடத்தை உணர்த்துகிறது. நிரவலும் கல்பனாசுரமும் அவ்விடத்தை நோக்கியே செல்கின்றன.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்கள். அட்சரத்திற்கு நான்கு மாத்திரை வீதம் 32 மாத்திரைகள். 'ததிங்கிணதொம்' என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதனை மூன்று முறை வாசித்து, இடையே இரண்டு இரண்டு மாத்திரை இடைவெளி விட்டால், 5, 2, 5, 2, 5 ஆக 19 மாத்திரைகள். சமத்தில் வந்து சேரவேண்டுமாயின், 13 மாத்திரை கழிந்து, நான்காவது அட்சரத்தின் இரண்டாவது மாத்திரையில் இதனைத் தொடங்கவேண்டும். தொடங்கும் இடம் தாளத்திற்குச் சிறிதும் பொருந்தாதது போல் ஒலிக்கும். ஐந்தும் நான்கும் மோதிக்கொள்ளும். தாளத்தைக் கையில் பிடித்திருப்பவர் நெஞ்சு அப்பொழுது சற்றே பதைக்கும். மூன்றாவது 'தொம்' முடிந்து சமம் விழும் கணத்தில் அப்பதைப்பு மகிழ்ச்சியாக மாறும். தாளத்தை விட்டுவிட்டவருக்குப் பதைப்பும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. ஓசை மட்டுமே மிஞ்சும்.

இதனைப் பாலக்காட்டுச் சீமைக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். பழையன்னூரில் 1912-இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர், சாத்தபுரம் சுப்பையரிடமும் பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் பயின்று, மிருதங்கத்திற்கே புதிய மதிப்பைத் தேடித் தந்தார். 1966-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு ஸங்கீத கலாநிதி விருதை அளித்தது; மிருதங்க வித்துவான் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 1981-இல் அவர் மறைந்தார். பாட்டின் ஒவ்வொரு சங்கதியையும் உணர்ந்து, வாசிக்கவேண்டிய இடத்தில் வாசித்து, நிறுத்தவேண்டிய இடத்தில் மௌனம் காத்ததே அவருடைய பெருமை என்பர். தனி ஆவர்த்தனத்தின்போதும் அவருக்குள் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே நாம் கண்ட ஸாக்ஸஃபோன் கலைஞருக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருப்பது போன்றதே இதுவும்.

கோயில் முற்றத்தில் நிகழும் தாயம்பகையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சுற்றி நிற்பவர்கள் செண்டையிலும் இலைத்தாளத்திலும் தாளத்தைக் காக்க, நடுவே நிற்கும் ஒருவர் பதிகாலத்தில் நிதானமாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏற்றி, கற்பனையை விரித்துச் செல்கிறார். கொழிஞ்சாம்பாறையை அடக்கிய சித்தூர் வட்டாரத்தின் பல்லாவூர், அப்பு மாராரைப் போன்ற மேதைகளை இக்கலைக்கு அளித்த ஊர். அங்கே கூடி நிற்கும் உழவர்களும் வணிகர்களும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்பதையும், சேரவேண்டிய இடத்தில் வாத்தியக்காரரோடு சேர்ந்து கையை வீசுவதையும் காணலாம். தாயம்பகையைத் தாங்கி நிற்பவர்களுள் அவர்களும் அடங்குவர்.

இரு மரபுகளும் நேரில் சந்தித்ததும் உண்டு. 1970-களில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் கூடி 'சக்தி' என்ற குழுவை அமைத்தனர். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1976-இல் வெளிவந்தது. சுரக்கூட்டு வரிசையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ராகத்தையும் தாளத்தையும் பொதுநிலமாக அவர்கள் கொண்டனர். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், கிட்டார் பிரசன்னாவுடனும் தபேலா நிதின் மிட்டாவுடனும் சேர்ந்து 2011-இல் 'தீர்த்தா' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். எங்கே சேர்வது என்பதில் உடன்பாடு இருந்தால், எவ்வாறு செல்வது என்பதில் எத்தனை வேற்றுமையும் இடம்பெறலாம் என்பதற்கு இவை சான்றுகள்.

ஆகவே ஜாஸ் கேட்க விரும்புவோர்க்கு ஓர் எளிய வழியைக் கூறலாம். 'ஆட்டம் லீவ்ஸ்' பாடலைக் கேனன்பால் ஆடர்லியும் மைல்ஸ் டேவிஸும் 1958-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பியானோவில் பில் எவன்ஸ் 1959-இல் பதிவு செய்திருக்கிறார். ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வாசிப்பு கழிந்து மெட்டு தொடங்கியதும், ஸட்ஜமம் எந்தச் சுருதியில் இருந்தாலும், கூறுக்கு ஒன்றாக 'ரி, ப, ஸ, ம, நி, க, த' என்று மனத்திற்குள் பாடிப் பழகுங்கள். மெட்டு மறைந்த பிறகும் அந்தப் பாட்டை விடாதீர்கள். மூன்றாம் நான்காம் முறை கேட்கும்போது, ஸாக்ஸஃபோனும் எக்காளமும் உங்களோடு உரையாடுவதை உணர்வீர்கள்.

இதே பயிற்சி நம் கச்சேரிக்கும் பொருந்தும். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்துவிடாமல் கையில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்போம். மேடையில் இருப்பவர் எவ்வளவு துணிந்து செல்லலாம் என்பதை ஓரளவு முடிவு செய்பவர்கள் எதிரில் அமர்ந்திருப்பவர்களே. திரும்பும் இடத்தை அறிந்தவர் பலர் இருக்கும் சபையில் கலைஞன் தொலைதூரம் செல்லத் துணிவான். அறிந்தவர் யாருமில்லாத சபையில் கைதட்டலுக்கு ஏற்ற வேகத்தைக் காட்டிவிட்டு விரைவில் முடித்துக்கொள்வான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. நாளடைவில் அந்த நீண்ட பயணங்களை மேற்கொள்ளும் ஆற்றலே கைவிட்டுப் போகும். நல்ல கேள்வி ஞானம் கலைக்குச் செய்யும் தொண்டு இதுதான். அதற்கு வேண்டியதெல்லாம் சமம் வரும்வரை எண்ணிக்கொண்டிருக்கும் பொறுமையே.